ஆசோனியசின் மோசெல்லாவும் ஆற்றங்கரைத் திராட்சைச் சரிவுகளும்

1. தோற்றுவாய்

சங்கப் பாடல்களைப் பயின்றோர் யவனரின் தேறலை நன்கறிவர். இலவந்திகைப் பள்ளித் துஞ்சிய நன்மாறனை வாழ்த்தும் நக்கீரர், யவனர் கொணர்ந்த மணமிக்க தேறலைப் பொற்கலத்தில் ஏந்தி மகளிர் ஊட்ட, அவன் இனிது வாழவேண்டும் எனப் புறநானூற்றின் 56ஆம் பாட்டிற் பாடுகின்றார். அப்பாட்டில் தேறல் மரக்கலத்தோடு வந்து பொற்கிண்ணத்தில் முடிகின்றது. அது விளைந்த குன்றும், அக்குன்றிற் கொடி வளர்த்த கையும் பாட்டின் எல்லைக்கு அப்பாற்பட்டவை. இதனைக் குறையெனல் பொருந்தாது. அரசனை வாழ்த்தும் பாட்டுக்கு அவை வேண்டப்படுவன அல்ல. ஆனால், விளைநிலத்தையே பாடுபொருளாகக் கொண்ட ஒரு நூலில் அக்கை எங்கே நிற்கின்றது என்னும் வினாவை நாம் எழுப்பாதிருத்தல் இயலாது.

அவ்வினாவை எழுப்புதற்கு ஏற்ற நூல் ஒன்று இலத்தீன் மொழியில் உளது. மோசெல் ஆற்றைப் பற்றி ஆசோனியசு என்னும் புலவர் ஏறத்தாழக் கி.பி. 371இல் இயற்றிய 'மோசெல்லா' என்பதே அது. நக்கீரர் பாடிய தேறல் நடுநிலக்கடல் நாடுகளினின்று வந்தது. மோசெல் கரையிலிருந்து வந்ததன்று. ஆகவே, இரு நூல்களுக்கும் இடையே வழிவழி வந்த உறவு ஒன்றனை நாம் கற்பிக்க முற்படவில்லை. ஆற்றையும் மலையையும் பாடும் நூல்களில் இயற்கைப் புனைவைப் பாராட்டி அமைதல் நம் திறனாய்வில் வழக்கமாகிவிட்டது. அவ்வழக்கம் எதனைக் காணாது விடுகின்றது என்பதனை இந்நூல் கொண்டு தெளிதலே ஈண்டு நம் நோக்கம்.

2. நிலத்தின் இயல்பு

நூலுட் புகுமுன் நிலத்தை அறிதல் வேண்டும். மோசெல் ஆறு பிரான்சு நாட்டு வோசு மலைகளில் தோன்றி, இலக்சம்பர்க்கின் எல்லையைத் தொட்டுச் செருமனியுட் புகுந்து, கோபிளென்சு நகரில் இரைன் ஆற்றொடு கலக்கின்றது. திரியர் நகருக்குக் கீழே அது மலைகளை அறுத்துக்கொண்டு வளைந்து வளைந்து செல்கின்றது. அவ்வளைவுகளின் இருமருங்கும் செங்குத்தான சரிவுகள் எழுந்து நிற்கின்றன.

இந்நிலம் வடகோட்டின் 50ஆம் பாகையை ஒட்டியது. திராட்சை நன்கு பழுத்தற்குப் போதிய வெம்மை இங்குச் சமநிலத்தில் எளிதிற் கிட்டுவதில்லை. சரிவே அவ்வெம்மையை ஈட்டித் தருகின்றது. வடநாட்டில் ஞாயிறு தாழ்ந்து இயங்குதலின், அதன் கதிர் சமநிலத்திற் சாய்ந்து வீழும். தெற்கு நோக்கிய சரிவிலோ ஏறத்தாழ நேராகப் படும். சரிவில் நிறைந்துள்ள சிலேட்டுப் பாறைத் துண்டுகள் பகலில் வெம்மையை ஏற்று இரவில் வெளிவிடும். கீழே ஓடும் ஆறு ஒளியை மீளச் சரிவின்மேல் வீசும். குளிரின் கடுமையையும் ஓரளவு தணிக்கும். எனவே, இந்நாட்டுத் தேறலின் சுவைக்கு முதற்காரணம் சரிவின் செங்குத்தே எனலாம்.

அச்செங்குத்தே உழைப்பின் கடுமைக்கும் காரணம். ஏர் பூட்டிய எருது அத்தகைய சரிவில் நிற்றல் அரிது. கொடி ஒவ்வொன்றையும் தனித்தனிக் கழியிற் கட்டுதல், வேனிலுக்கு முன் தறித்தல், களை கொத்துதல், கனி கொய்தல் ஆகிய அனைத்தும் மனிதக் கையால் நிகழ்ந்தன. பெருமழை மண்ணையும் கல்லையும் அடிவாரத்துக்கு அடித்துச் சென்றால், அவற்றைக் கூடையில் இட்டு முதுகிற் சுமந்து மீள மேலேற்றினர். இன்று வடம் இழுக்கும் பொறிகளும் ஒற்றைத் தண்டவாள ஊர்திகளும் ஓரளவு துணை செய்கின்றன. ஆயினும், மிகச் செங்குத்தான இடங்களிற் கையுழைப்பு இன்றும் ஒழிந்தபாடில்லை.

இந்நிலத்தின் பழந்தோட்டங்களுள் ஒன்றை ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம். திரியருக்கு அண்மையில் மோசெலொடு கலக்கும் உரூவர் என்னும் சிற்றாற்றின் கரையில், மாக்சிமின் கிரூன்கவுசு என்னும் தோட்டம் உள்ளது. கி.பி. 966இல் எழுந்த பேரரசர் முதலாம் ஒட்டோவின் ஆவணம் ஒன்றால், இத்தோட்டம் திரியர் நகரத்துத் தூய மாக்சிமின் மடத்துக்கு உரியதாயிருந்தமை அறியப்படுகின்றது. பிரஞ்சியர் ஆட்சியின்போது மட உடைமைகள் பறிக்கப்படும்வரை அது துறவியர் கையிலேயே இருந்தது. 1882இல் அதனை ஷ்டும் குடும்பத்தார் வாங்கினர். அவர் வழியினராகிய ஷூபர்ட் குடும்பத்தார் பின்னர் அதற்கு உரியராயினர். அங்குள்ள சரிவுகளிற் செங்குத்து மிக்க பகுதி, 100 அடி கிடைத்தூரத்துக்கு 70 அடி அளவு உயர்கின்றது. நின்று நடத்தற்கே அரிய நிலம் அது என்க.

3. மோசெல்லா நூலின் அமைப்பு

ஆசோனியசு பிரான்சின் போர்தோ நகரத்தவர். நெடுங்காலம் ஆசிரியராயிருந்து, பேரரசர் வாலந்தினியனின் மகனாகிய கிராத்தியனுக்குக் கல்வி கற்பிக்கத் திரியர் அரண்மனைக்கு அழைக்கப்பெற்றவர். 379இல் கான்சல் என்னும் உயர்பதவியையும் எய்தினார். திரியரில் இருந்தபோது அவர் இயற்றிய மோசெல்லா 483 அடிகளால் அமைந்தது.

நூல் ஒரு பயணத்தோடு தொடங்குகின்றது. மூடுபனி சூழ்ந்த நாவா ஆற்றைக் கடந்து, இருண்ட காட்டுவழியே நடந்து, நோவியோமாகசு என்னும் ஊரை அணுகும் புலவர்க்குத் திடுமென வானம் வெளிக்கின்றது, ஆறு தோன்றுகின்றது. இதன்பின் நூல் ஆற்றின் தெளிவையும், அதில் வாழும் மீன்வகைகளையும், கரையிலுள்ள திராட்சைச் சரிவுகளையும், நீரில் வீழும் நிழலையும், படகு விளையாட்டையும், மீன்பிடித்தலையும், செல்வர் மாளிகைகளையும், துணையாறுகளையும் முறையே பாடிச் செல்கின்றது. மீன்களைப் பாடும் பகுதி அக்காலத்தேயே புகழ்பெற்றது. ஆசோனியசின் நண்பராகிய சிம்மாக்கசு, நூலைப் பாராட்டி எழுதிய மடலில், அவர் விருந்திற் பலகால் உண்டும் இம்மீன்களை ஒருபோதும் கண்டிலேன் என நகையாடுகின்றார். புனைவுக்கும் உலகியலுக்கும் இடைப்பட்ட தொலைவை முதலிற் சுட்டியவர் இந்நண்பரே எனலாம்.

இந்நூலைப் பற்றிய ஆராய்ச்சியில் இரு கருத்துகள் ஓங்கி நிற்கின்றன. இது தூய இயற்கைப் பாட்டு என்பது ஒன்று. எல்லைப்புறத்தில் அமைதியை நிலைநாட்டிய பேரரசைப் போற்றும் அரசியற் பாட்டு என்பது மற்றொன்று. இரண்டிற்கும் நூலிற் சான்று உண்டு. எனினும், இரண்டும் ஒரு வினாவை எழுப்பாது விடுகின்றன. இந்நூலிற் கண் எங்கே நிற்கின்றது? அது படகிலும் ஆற்றங்கரையிலும் நிற்கின்றது. சரிவின்மேல் ஒருகாலும் ஏறுவதில்லை. நூலின் அழகும் குறையும் இந்நோக்குமிடத்தினின்றே தோன்றுகின்றன என்பது நம் துணிபு.

4. இயற்கை அரங்கு

திராட்சைச் சரிவுகளைப் பாடத் தொடங்கும் புலவர், நீரின் காட்சிகளை விடுத்து வேறொரு காட்சிக்குக் கண்ணைத் திருப்புமாறு கூறுகின்றார். நீண்ட மலைமுகடும், பாறைகளும், வெயில் படும் வளைவுகளும், உள்வாங்கிய ஒதுக்கங்களும் திராட்சைக் கொடிகளோடு சேர்ந்து ஓர் இயற்கை அரங்காக எழுகின்றன என்பது அவர் உவமை.

இவ்வுவமை மிகப் பொருத்தமுடையது. ஆற்று வளைவைச் சூழ்ந்து படிப்படியாக உயரும் சரிவு, உரோமர் கட்டிய அரைவட்ட அரங்கின் இருக்கை வரிசைகளையே ஒக்கும். ஆனால், உவமையைச் சற்றே நெருங்கி ஆராயின் ஒரு முரண் வெளிப்படும். அரங்கில் வரிசை வரிசையான படிகள் காண்போர்க்கு உரியன. ஆடுவோர் கீழே நிற்பர். இங்கோ படிகளில் இருப்போர் உழவர். கீழே படகிற் செல்வோரே காண்போர். காண்போர் இருக்க வேண்டிய இடத்தில் உழைப்போரை நிறுத்தி, அவரையே காட்சிப் பொருளாக்கிவிடுகின்றது உவமை.

மற்றொன்றும் நோக்கத்தக்கது. இவ்வரங்கு இயற்கையானதா? பாறையை உடைத்தும், காட்டை அழித்தும், கழி நட்டும், ஆண்டுதோறும் மண் சுமந்தும் ஆக்கப்பட்ட நிலம் இது. கை நீங்கினால் முட்புதர் சரிவை விரைவில் மூடிவிடும். இஃது ஊகமன்று, அண்மைக்கால வரலாறே இதற்குச் சான்று. மோசெல் பகுதியில் 1990ஐ ஒட்டி 12,000 எக்டேருக்கு மேல் இருந்த திராட்சைப் பரப்பு, இந்நூற்றாண்டில் 9,000 எக்டேருக்குக் கீழே சென்றுவிட்டது. மிகச் செங்குத்தான சரிவுகள் பல கைவிடப்பட்டன. ஏனெனில், அங்கு வேண்டப்படும் உழைப்பு மிகுதி, கிட்டும் ஊதியமோ குறைவு. கைவிடப்பட்ட இடங்களிற் புலவர் கண்ட அரங்கு இல்லை, புதரே உண்டு. ஆகவே, 'இயற்கை' என்னும் அவ்வொரு சொல்லில், தலைமுறை தலைமுறையாக உழைத்தோரின் வினை மறைந்து கிடக்கின்றது.

5. ஏளனமும் மறுமொழியும்

எனினும், உழவரை ஆசோனியசு அறவே மறந்தார் அல்லர். வேலையில் மகிழும் மக்களும் விரையும் உழவரும் ஒருகால் மலையுச்சியிலும் ஒருகால் சரிவிலும் ஓடுகின்றனர். தம்முட் போட்டியிட்டுக் கரடுமுரடாகக் கூவுகின்றனர். கீழே கரையில் நடக்கும் வழிப்போக்கனும் ஆற்றில் மிதந்து செல்லும் படகோட்டியும், காலந்தாழ்த்துப் பணிசெய்யும் அவ்வுழவரை எள்ளிப் பாடுகின்றனர். அவ்வெள்ளலைப் பாறையும் காடும் ஆறும் எதிரொலிக்கின்றன. இவ்வளவே உழவர்க்கு நூலில் அளிக்கப்பட்ட இடம். சில அடிகளில் முடிந்துவிடுகின்றது.

இவ்வேளனம் புலவர் தாமே கண்டெழுதியது மட்டுமன்று. பழைய இலக்கிய வழக்கும் ஆகும். முதல் நூற்றாண்டினராகிய பிளைனி தம் இயற்கை நூலில் இதன் காரணத்தைக் கூறுகின்றார். வேனிற் காலத்துக் குயிலினப் பறவை கூவத் தொடங்குமுன் கொடி தறித்து முடித்தல் வேண்டும்; அதன் பின்னும் தறித்துக்கொண்டிருப்பவன் மடியன் எனக் கருதப்பட்டான்; வழிச்செல்வோர் அப்பறவையின் குரலைப் போலக் கூவி அவனை நாணச் செய்வர். ஆசோனியசுக்கு ஏறத்தாழ 400 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஓரேசு என்னும் பெரும்புலவரும் தம் அங்கத நூலின் முதற்பகுதியில் இவ்வழக்கை உவமையாக்குகின்றார்.

இவ்விருவரையும் ஒப்பிட்டால் ஓர் உண்மை விளங்கும். ஓரேசின் உவமையிற் கொடி தறிப்போன் வன்மையுடையவன். வசைக்கு வசை தருவதில் எவர்க்கும் தோலாதவன். கூவி எள்ளிய வழிப்போக்கனே இறுதியில் அவனிடம் தோற்று விலகுகின்றான். ஆசோனியசிடம் இந்நிலை மாறிவிடுகின்றது. ஏளனம் கீழிருந்து மேலே செல்கின்றது. மேலிருந்து மறுமொழி வருவதாக இல்லை. மறுமொழி கூறுவன பாறையும் காடும் ஆறுமே. அவையும் ஏளனத்தைத் திருப்பிச் சொல்கின்றனவேயன்றி விடை தரவில்லை. உழவரின் கூவல் முன்னரே கூறப்பட்டது. ஆயினும் அஃது ஓசையாக நிற்கின்றதேயன்றிச் சொல்லாக இல்லை.

நான்காம் நூற்றாண்டுப் புகழ்ப்பாட்டில் இக்காலத்து வினாவை எழுப்புதல் முறையன்று எனச் சிலர் தடை கூறலாம். அத்தடைக்கு ஓரேசே விடையாவார். உழவன் பேசலாம், வெல்லலாம் என்னும் வழக்கு ஆசோனியசின் மரபிலேயே இருந்தது. அவர் அதனை ஆளாது விட்டார். மரபு அதனைத் தடுக்கவில்லை. ஆகவே, இவ்வினா வெளியிலிருந்து நாம் கொணர்ந்ததன்று. நூலின் மரபே எழுப்புவது.

6. நீருள் தோன்றும் சரிவு

இனி, நூலின் சிறந்த பகுதிக்கு வருவோம். மாலைப்பொழுதில் மலைநிழல் ஆற்றில் நிறைகின்றது. குன்றுகள் நீரில் மிதப்பன போலத் தோன்றுகின்றன. அங்கு இல்லாத கொடி அலையில் நடுங்குகின்றது. கண்ணாடி போன்ற நீருள் திராட்சைக் குலை பருக்கின்றது. சிறு படகில் நடுவாற்றிற் செல்லும் படகோட்டி, நீரில் தோன்றும் பசுங்கொடிகளை எண்ணிக்கொண்டே ஏமாறுகின்றான். இலத்தீன் இலக்கியத்தில் நிழலைப் பாடிய பகுதிகளுள் இதற்கு ஒப்பானவை சிலவே.

இப்பகுதியைப் பாராட்டுவோர் பெரும்பாலும் அதன் கண்கவர் அழகோடு அமைந்துவிடுவர். நாம் சுட்ட விரும்புவது ஒரு சொல்லை. படகோட்டியைக் குறிக்குங்கால், 'எள்ளப்பட்டவன்' எனப் பொருள்படும் சொல்லைப் புலவர் அடையாக இடுகின்றார். ஏறத்தாழ 30 அடிகளுக்கு முன்னர் உழவரை எள்ளியவன் யார்? ஆற்றிற் சென்ற படகோட்டியே. எள்ளியவன் ஈண்டு எள்ளப்படுகின்றான். சரிவிலிருந்து எழாத மறுமொழியை ஆற்றின் நிழல் தந்துவிடுகின்றது.

புலவர் இதனைக் கருதியே அமைத்தார் என நாம் அறுதியிட்டுக் கூறுதற்கில்லை. ஆனால், நூலின் அமைதி அவ்வாறு உளது. சரிவைக் கீழிருந்து காண்பவன் எண்ணுவது உண்மைக் கொடியை அன்று, அதன் நிழலையே என்பதனைப் பாட்டு தானே உணர்த்திவிடுகின்றது. கொடியை உள்ளபடி எண்ணக்கூடியவன் ஒருவனே: ஒவ்வொன்றையும் கழியிற் கட்டியவன். தன் நோக்குமிடத்தின் குறையைத் தானே புலப்படுத்தும் இவ்விடத்தில் பாட்டு, பாடிய புலவரினும் ஆழமுடையதாகின்றது. மோசெல்லாவைப் பேரிலக்கியம் எனக் கொள்ளுதற்கு மீன்களின் வரிசையினும் இவ்வடிகளே தக்க சான்று என்பது நம் கருத்து.

7. மாளிகையும் பிழிகூடமும்

நிழற் பகுதியில் எய்திய இவ்வுயர்வை நூல் பின்னர்க் காத்துக்கொள்ளவில்லை. மாளிகைகளைப் பாடுமிடத்து, பாறைமேல் நிற்பன, கரையில் நீண்டு கிடப்பன, ஆற்று வளைவைத் தனதாக்கிக்கொண்டன எனப் பலவற்றைப் புலவர் விரித்துரைக்கின்றார். இவற்றை அமைத்தோர் பண்டைக் கிரேக்கக் கட்டடக் கலைஞர்க்கு நிகராவர் என்கின்றார். தூண்களும் முற்றங்களும் நீராடு கூடங்களும் இடம்பெறுகின்றன. திராட்சை பிழியும் கூடம் இடம்பெறவில்லை.

அத்தகைய கூடங்கள் அக்காலத்தில் இல்லாமலில்லை. புலவர் ஆற்றைக் கண்ட நோவியோமாகசு, இன்றைய நொய்மாகன் ஆகும். அதற்கு அண்மையிலுள்ள பீசுபோர்ட்டு என்னும் ஊரில், 1985ஐ ஒட்டி நிகழ்ந்த அகழாய்வில், நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த பெரும்பிழிகூடம் ஒன்று வெளிப்பட்டது. அதன் நீளம் ஏறத்தாழ 44 மீட்டர். அகலம் 20 மீட்டர். சரிவின் அடியிலேயே கனியை மிதித்துப் பிழிந்த தொட்டிகள் அங்கு வரிசையாக உள்ளன. புலவர் வாழ்ந்த நூற்றாண்டில், புலவர் பாடிய கரையில் இருந்த இக்கட்டடம் அவர் பாட்டில் இல்லை.

புலவர்க்கு இத்தொழில் தெரியாது எனலும் பொருந்தாது. தம் தந்தைவழிச் சொத்தைப் பற்றிப் பாடிய மற்றொரு சிறுபாட்டில், விளைநிலம் 200, திராட்சைத் தோட்டம் 100, புல்வெளி 50, காடு 700 என உரோம நில அளவையாற் கணக்கிடுகின்றார். திராட்சைத் தோட்டம் மட்டும் நம் அளவையில் ஏறத்தாழ 62 ஏக்கர் ஆகும். தம் நிலத்துக்கு வேண்டிய உழவர் மிகையாகவும் இல்லை, குறையாகவும் இல்லை எனவும் அப்பாட்டில் அமைகின்றார். உழவர் ஈண்டு எண்ணிக்கையாகின்றனர். தோட்டம் உடையவரின் கண் இது. மோசெல் சரிவைக் கண்டதும் அவர்க்குத் தம் நாட்டுக் கரோன் ஆற்றுத் தோட்டங்கள் நினைவுக்கு வருதல் இயல்பே. அவ்வாறே பாடவும் செய்கின்றார்.

துணையாறுகளைப் பாடுங்கால் உரூவர் ஆறும் வருகின்றது. ஆனால், அங்குத் திராட்சை இல்லை. மாவரைக்கும் கற்களும், சலவைக்கல்லை அறுக்கும் வாளின் கூரிய ஓசையும் உள்ளன. நீரால் இயங்கும் அத்தகைய வாள் அக்காலத்தில் இருந்திராது என ஐயுற்றோரும் உண்டு. துருக்கி நாட்டு ஏராப்பொலி என்னும் பழநகரில், மூன்றாம் நூற்றாண்டுக் கற்பேழை ஒன்றன்மேல் அப்பொறியின் உருவம் செதுக்கப்பட்டுள்ளமை அறியப்பட்டபின் அவ்வையத்துக்கு இடமில்லாது போயிற்று. பொறியின் ஓசையைப் பிழையறக் கேட்ட செவி, உழவனின் சொல்லைக் கேட்கவில்லை என்பதே ஈண்டு நாம் கருதத்தக்கது.

நூலின் இறுதியிற் புலவர் ஒரு வாக்களிக்கின்றார். பின்னொருகால் இவ்வாற்றைப் பற்றி விரிவாகப் பாடுங்கால், இருகரை உழவரையும் மனிதரும் எருதும் படும் உழைப்பையும் சேர்த்துக்கொள்வேன் என்கின்றார். அப்பாட்டு இன்று கிடைக்கும் அவர் நூல்களில் இல்லை. உழைப்பு நாளைக்கெனத் தள்ளிவைக்கப்பட்டு, அந்நாள் வாராமலே போயிற்று.

8. மார்க்சின் உரைநடை

அதே சரிவைப் பற்றி 1843 சனவரியில் மற்றொருவர் எழுதினார். திரியரிற் பிறந்து, கொலோன் நகரில் 'இரைன் இதழ்' என்னும் நாளிதழின் ஆசிரியராயிருந்த 24 அகவை இளைஞர் காரல் மார்க்சு அவர். மோசெல் தோட்டக்காரரின் வறுமையைப் பற்றி அவ்விதழில் வெளிவந்த செய்திகளை மாகாண ஆளுநர் மறுத்தார். அச்செய்திகளுக்கு அரண் செய்து மார்க்சு தொடர்கட்டுரை எழுதினார்.

வறுமையின் பின்னணி இது. 1815க்குப்பின் மோசெல் நாடு பிரசியாவின் ஆட்சிக்கு உட்பட்டது. 1818ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டம் அயல்நாட்டுத் தேறலைத் தடுத்தமையால் மோசெல் தேறலுக்கு நல்ல விலை கிட்டிற்று, தோட்டங்கள் பெருகின. பின்னர் எழுந்த சுங்க உடன்படிக்கைகளும், 1834இல் நடைமுறைக்கு வந்த செருமானியச் சுங்க ஒன்றியமும் தென்னாட்டுத் தேறலை உள்ளே விட்டன. விலை வீழ்ந்தது; சிறு தோட்டக்காரர் கடனில் ஆழ்ந்தனர்.

மார்க்சின் வாதம் தனி அதிகாரியைக் குறைகூறுவதன்று. வறுமையை வெளியிட்டுக் கூறும் தோட்டக்காரனை அதிகாரி தன்னலம் உடையவன் எனக் கருதுகின்றான். தன் அலுவலகக் கணக்கையே உண்மை எனக் கொள்கின்றான். இது தனிமனிதன் குற்றமன்று. ஆள்வோர்க்கும் ஆளப்படுவோர்க்கும் இடையேயுள்ள உறவின் இயல்பு. இருவரும் அல்லாத மூன்றாம் குரல் ஒன்று வேண்டும். அது கட்டற்ற இதழே என்பது அவர் முடிபு. திட்டமிட்ட பகுதிகளுள் முதலிரண்டே வெளிவந்தன. அவ்வாண்டு ஏப்பிரல் முதல் இதழே நிறுத்தப்பட்டது. பொருளியல் வினாக்களில் தாம் முதன்முதல் ஈடுபட நேர்ந்ததற்கு இத்தகைய நிகழ்ச்சிகளே காரணம் என 1859இல் வெளிவந்த தம் நூலின் முன்னுரையில் அவரே குறிப்பிடுகின்றார்.

ஆசோனியசிடம் இல்லாத மறுமொழி ஈண்டு உளது எனக் கூறத் தோன்றும். அஃது ஓரளவே உண்மை. இக்கட்டுரையில் ஆவணம் உண்டு, அறிக்கை உண்டு, வரிக்கணக்கு உண்டு, சரிவு இல்லை. கூடையின் பாரமோ சிலேட்டின் வெம்மையோ இதிற் புலப்படுவதில்லை. மார்க்சின் குடும்பத்துக்கும் மோசெல் பகுதியில் திராட்சைத் தோட்ட உடைமை இருந்தது. ஆயினும், அவர் கண் நின்ற இடம் பத்திரிகை அலுவலகம். ஆசோனியசின் கண் காட்சியைக் கண்டு காரணத்தைக் காணவில்லை. மார்க்சின் கண் காரணத்தைக் கண்டு காட்சியைக் காணவில்லை. இருவரையும் சேர்த்துப் படிக்குங்கால்தான் சரிவின் உருவம் ஓரளவு நிறைவு பெறுகின்றது.

9. குன்றுகளின் பெயர்கள்

எழுத்து என்பது ஏட்டில் மட்டும் இருப்பதன்று, நிலத்திலும் உண்டு. கிரூன்கவுசுத் தோட்டத்தின் மூன்று சரிவுகளும் மூன்று பெயர் பூண்டுள்ளன. ஒன்று மடத்தலைவர் மலை; மற்றொன்று பெருந்துறவியர் மலை; பிறிதொன்று ஊழியத் துறவியராகிய உடன்பிறந்தார் மலை. சிறந்த சரிவின் தேறல் மடத்தலைவர்க்கும், அடுத்தது பெருந்துறவியர்க்கும், எஞ்சியது உடன்பிறந்தார்க்கும் சென்றதனால் இப்பெயர்கள் எழுந்தன என்பர். இன்றும் புட்டிகளின்மேல் இப்பெயர்களே பொறிக்கப்படுகின்றன.

இப்பெயர்களையும் ஒரு நூலாகக் கொண்டு நாம் படித்தல் தகும். வெயில் எவ்விடத்து மிகுதியாகப் படுகின்றதோ அவ்விடம் மேலோர்க்கு. குறைவாகப் படுவது கீழோர்க்கு. மடத்தின் படிநிலை மலையின்மேல் அப்படியே எழுதப்பட்டுவிட்டது. அதனினும் நுட்பமானது ஒன்று உண்டு. இம்மூன்றும் பருகியோரின் பெயர்கள். பயிரிட்டோரின் பெயர்கள் அல்ல. உடன்பிறந்தார் உழைத்தவரே ஆயினும், மலை அவர் பெயரைப் பெற்றது அவர் செய்த வேலையால் அன்று, அவர்க்கு அளந்துவிட்ட தேறலால்.

10. முடிபு

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்குவோம். மோசெல் சரிவுகளைப் பற்றி மூன்று எழுத்துகளை ஆராய்ந்தோம். பாட்டு சரிவைப் படகிலிருந்து கண்டது. உரைநடை அதனை ஆவணத்தின் வழியே கண்டது. மலைப்பெயர் உண்கலத்தின் வழியே கண்டது. மூன்றிலும் கொடி கட்டிய கை மறைந்தே நிற்கின்றது. ஆயினும், மூன்றனுள் பாட்டு ஒன்றே தன் மறைப்பைத் தானே வெளிப்படுத்துகின்றது. எள்ளிய படகோட்டியை நிழலால் ஏமாறச் செய்து, தான் காண்பது முழுமையன்று என ஒப்புக்கொள்கின்றது. இலக்கியத்துக்கு உரிய தனியாற்றல் இதுவே.

இதிலிருந்து நம் திறனாய்வுக்குக் கிட்டும் நெறி ஒன்றுண்டு. மலையும் ஆறும் தோட்டமும் பாடப்படும் இடங்களில் 'இயற்கை' என்னும் தலைப்பிட்டு அடிகளைத் தொகுத்தல் போதாது. பாடும் கண் எங்கே நிற்கின்றது, அக்கண்ணுக்கு எட்டாத கை யாருடையது, பாட்டு அதனை அறிந்து மறைக்கின்றதா, அறியாது காட்டிவிடுகின்றதா என மூன்றனையும் வினவுதல் வேண்டும். இவ்வினாக்களாற் பாட்டின் அழகு குன்றுவதில்லை. நீரில் நடுங்கும் கொடியின் அழகு, அதன் வேர் எங்கே ஊன்றியுள்ளது என்பதனை அறிந்தார்க்கே முழுதும் விளங்கும்.

மோசெல் கரையில் இன்று சரிவுகள் சில புதராகின்றன. சிலவற்றை இளைய தோட்டக்காரர் மீளத் திருத்துகின்றனர். புதராகிய சரிவின் நிழலும் ஆற்றில் வீழத்தான் செய்யும். ஆனால், எண்ணுதற்கு அதிற் கொடி இராது.